ஆபத்துக்கு ஓர் ஒத்திகை

இரண்டு மணி நேர நாடகம் ஒன்றை நடத்துவதற்கு நாம் ஒரு மாத காலம் ஒத்திகை பார்க்கிறோம். ராஜா எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், மந்திரி எப்போது கைகட்டி நிற்க வேண்டும், விதூஷகன் எந்த இடத்தில் தடுக்கி விழ வேண்டும் என்பதையெல்லாம் பத்துத் தடவை செய்து பார்த்த பிறகே திரை தூக்கப்படுகிறது. அப்படியிருந்தும் அன்றிரவு யாராவது ஒருவர் வசனத்தை மறந்து விழிக்கத்தான் செய்கிறார். திரை மறைவிலிருந்து இன்னொருவர் அடியெடுத்துக் கொடுக்கிறார். சபை சிரிக்கிறது; காரியமும் ஒருவாறு நடந்து முடிகிறது.

புயல், வெள்ளம், தீ, கடற்கொந்தளிப்பு என்னும் நாடகங்கள் இருக்கின்றனவே, அவற்றிற்கு நாம் ஒரு நாளாவது ஒத்திகை பார்த்ததுண்டா? அந்த மேடையில் வசனம் மறந்துவிட்டால் அடியெடுத்துக் கொடுக்கத் திரை மறைவில் யாரும் இல்லை. மறந்தவனுக்கு மறுநாள் ஆட்டமும் கிடையாது.

என் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பிரஸ்தாபித்தபோது அவர் சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "இதென்ன ஐயா வீண் கவலை? சர்க்கார் இருக்கிறது, தீயணைப்புப் படை இருக்கிறது, தொலைபேசியில் மூன்று எண்களை அழுத்தினால் ஆம்புலன்ஸ் வருகிறது. நம்மைக் காப்பாற்ற அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நாம் வேறு பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டார்.

"வாஸ்தவம். ஆனால் அவர்கள் வந்து சேருகிற வரையில் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டேன்.

நண்பர் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் வருபவர் யார்?

தீயணைப்பு வீரர்களையோ மீட்புப் படையினரையோ குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை அனுசரித்து, 2006-ல் தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைக்கப்பட்டது. அதன் பட்டாளம் ஒன்று நம் அரக்கோணத்திலேயே இருக்கிறது. இடிபாடுகளுக்குள் நுழைந்தும், வெள்ளத்தில் இறங்கியும் அப்படையினர் செய்துவரும் சேவையை நாடு அறியும்.

ஆனால் அரக்கோணம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. நம் தெருவில் சுவர் இடிந்து விழும்போது, அங்கிருந்து ஒரு லாரி புறப்பட்டு வந்து சேர வேண்டும். புயல் அடித்த இரவில் சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடக்கும். மின்சாரக் கம்பங்கள் சாய்ந்திருக்கும். தொலைபேசி பேசாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரையேறியபோது, டெல்டாப் பிரதேசத்தில் எண்ணிறந்த தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் எத்தனை பெரிய படையாயினும் வழியை வெட்டித் திறந்துகொண்டுதான் வர முடியும்.

அதுவரையில் யார் இருக்கிறார்கள்? அடுத்த வீட்டுக்காரர் இருக்கிறார். எதிர்க் கடைக்காரர் இருக்கிறார். தெருக் கோடியில் பந்தாடும் பையன்கள் இருக்கிறார்கள். 2015-ல் சென்னை மாநகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, தெருக்களில் படகு செலுத்தி ஜனங்களைக் கரை சேர்த்தவர்களில் மீனவர்கள் பலர். 2018-ல் மலையாள நாட்டில் பெருவெள்ளம் வந்தபோது, அங்குள்ள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்தார்கள். அவர்களை யாரும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கவில்லை. படகு அவர்களிடம் இருந்தது. அதைச் செலுத்தும் பழக்கம் கைகளில் இருந்தது. மனத்தில் இரக்கம் இருந்தது.

இந்த மூன்றில் இரக்கத்துக்கு நம் நாட்டில் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. படகையும் கயிற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். நடுவில் உள்ள பழக்கத்தைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரண்டு மணி நேரம்

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் நிறைந்திருந்தார்கள். காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்ராவின் அருகே கடலுக்கு அடியில் பூமி நடுங்கிற்று. அந்த நடுக்கத்தால் எழுந்த அலைகள் நம் கரையை வந்து மோதுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது.

இரண்டு மணி நேரம்! ஒரு மனிதன் சாவதானமாகப் பல் துலக்கி, காபி குடித்து, பத்திரிகையை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, பிறகு மெள்ள நடந்தாலும் கடற்கரையிலிருந்து இரண்டு மைல் தூரம் போய்விடலாம். ஆனால் எச்சரிக்கை சொல்ல அன்று நம்மிடம் ஓர் ஏற்பாடும் இல்லை. சில இடங்களில் கடல் உள்வாங்கிற்று. அது சமுத்திரம் விடுத்த கடைசி எச்சரிக்கை என்பதை அறியாதவர்கள், அதை வேடிக்கை பார்க்க மணலில் இறங்கி நடந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர். அவர்களில் ஏறக்குறைய 6,000 பேர் நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள்.

அதே காலையில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நடந்தது வேறு விதம். அவ்வூர் வாலிபர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். பூகம்பச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொன்னதும், "உடனே வெளியேறுங்கள், மற்றவர்களிடமும் சொல்லுங்கள்" என்றார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்திவந்தது. ஊரார் அதன் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அபாயத்தை அறிவித்தார்கள். 3,000 பேருக்கு மேற்பட்ட அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் நாசமாயின. உயிர்கள் தப்பின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுச்சேரிக் கிராமங்களில் அத்தகைய மையங்கள் 1998 முதல் நடந்துவந்தன. அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பது போன்ற தகவல்களை ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவிப்பது அத்திட்டத்தின் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆகவே அந்த ஊதுகுழலின் குரல் ஜனங்களுக்குப் பழகிய குரல். அது சொன்னதை நம்பி அதன்படி நடப்பது பழகிய காரியம். ஆபத்து நாளில் புதிதாக ஒரு கருவியைக் கையில் எடுத்தால் அது பயன்படாது. தினசரி உபயோகத்தில் இருப்பதுதான் அன்றைக்கும் கைகொடுக்கும்.

பாட்டி சொன்ன கதை

சுமத்ராவுக்கு மேற்கே சிமேலூ என்று ஒரு தீவு இருக்கிறது. பூகம்பம் உண்டான இடத்துக்கு மிகவும் அருகில் இருப்பது அது. நமக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது என்றால், அத்தீவினருக்குச் சில நிமிஷங்களே கிடைத்தன. அங்கே ஒலிபெருக்கியும் இல்லை, சிங்கப்பூரிலிருந்து பேசுவாரும் இல்லை. ஆயினும் ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான் என்று கணக்கிடப்பட்டது.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு சொல். 'ஸ்மோங்' என்பது அந்தச் சொல். 1907-ஆம் வருஷம் அத்தீவைக் கடல் விழுங்கிற்று. தப்பியவர்கள் அந்தத் துயரத்தைக் கதையாகவும் பாட்டாகவும் தாலாட்டாகவும் தங்கள் குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். பூமி பலமாக ஆடினால், பிறகு கடல் பின்வாங்கினால், பொருளை எடுக்க நிற்காதே, குன்றின்மேல் ஓடு என்பதே அந்தக் கதையின் சாரம். தொண்ணூற்றேழு வருஷங்களுக்குப் பிறகு பூமி ஆடிய அன்று, யாரோ ஒருவர் 'ஸ்மோங்!' என்று கூவினால் போதுமாயிருந்தது. குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லோருக்கும் கால்கள் எந்தத் திசையில் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இதையும் ஓர் ஒத்திகை என்றே நான் சொல்வேன். மூன்று தலைமுறைகளாகத் தொட்டிலின் அருகே நடந்துவந்த ஒத்திகை. நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் கதை சொல்லத் தெரியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் பிரயாணிகளோடு கடலில் போனதையும் சொல்லக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கதையின் முடிவில் "ஆகையால் நீ என்ன செய்ய வேண்டும் தெரியுமா?" என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால், அதுவே பெரிய பாடமாகிவிடும்.

வங்கக் கடலின் மறு கரையில்

பேரிடரைத் தடுக்கப் பணக்கார தேசங்களால்தான் முடியும் என்று எண்ணுவோருக்கு வங்காள தேசத்தின் சரித்திரம் தக்க பதில்.

1970 நவம்பரில் அந்நாட்டின் கடற்கரையைத் தாக்கிய புயலில் மாண்டவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர். புயல் வருகிறது என்ற செய்தி பலருடைய காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால் எங்கே போவது, எப்போது புறப்படுவது, யார் சொன்னால் நம்புவது என்பது தெரியவில்லை. பலமான கட்டிடங்களில் அடைக்கலம் புகுந்தவர்கள் வெகு சிலரே. காதில் விழுந்த எச்சரிக்கை காலுக்கு இறங்கவில்லை.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு, செஞ்சிலுவைச் சங்கமும் சர்க்காரும் சேர்ந்து கிராமத் தொண்டர் படை ஒன்றை அமைத்தன. தொண்டர்கள் வெளியூரார் அல்ல. அந்தந்தக் கிராமத்தைச் சேர்ந்த விவசாயிகள், உபாத்தியாயர்கள், கடைக்காரர்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களிடம் இருந்த ஆயுதங்கள் ஒரு ரேடியோ, ஒரு கையொலிபெருக்கி, கையால் சுற்றும் ஊதல், சில கொடிகள், ஒரு சைக்கிள். அபாயம் நெருங்க நெருங்கக் கொடிகளின் எண்ணிக்கை கூடும். எச்சரிக்கை செய்வதற்குச் சிலர், புகலிடத்துக்கு அழைத்துச் செல்வதற்குச் சிலர், தேடி மீட்பதற்குச் சிலர், முதலுதவிக்குச் சிலர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. மாடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் விவசாயியின் மனத்தை அறிந்து, கால்நடைகள் ஏறி நிற்பதற்கென்றே உயரமான மண்மேடுகளும் எழுப்பினார்கள்.

இவ்வளவு செய்தும் 1991 ஏப்ரலில் வந்த புயல் ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. புகலிடங்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் வீட்டுப் பெண்மணிகள் ஊன்றிப் படிக்க வேண்டியது. மாண்டவர்களில் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அந்நிய ஆடவர் நிறைந்த புகலிடத்துக்கு எப்படிப் போவது என்று தயங்கினார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீளச் சேலை காலைச் சுற்ற, நீந்தவும் தெரியாமல் வெள்ளத்தில் சிக்கினார்கள்.

பாடம் வீண்போகவில்லை. புகலிடங்கள் பெருகின, பெண்களுக்குத் தனி இடம் வைத்தார்கள், தொண்டர் படையில் பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பெண் வந்து கதவைத் தட்டி, "அக்கா, புறப்படுங்கள்" என்று சொன்னால் இன்னொரு பெண் புறப்படுகிறாள். 2007 நவம்பரில் 'சித்ர்' என்னும் கடும் புயல் அடித்தது. மாண்டவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துக்கந்தான். ஆனால் மூன்று லட்சம் எங்கே, மூவாயிரத்து நானூறு எங்கே? இதற்கிடையில் வங்கக் கடல் சாந்த குணம் அடைந்துவிடவில்லை. மனிதர்கள்தான் மாறினார்கள்.

ஒடிசா கற்ற பாடம்

நமது நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1999 அக்டோபர் 29-ஆம் தேதி ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் உயிரிழந்தார்கள். ஜகத்சிங்பூர் ஜில்லாவில் கிராமம் கிராமமாகக் கடல் புகுந்தது. அந்தத் துயரத்திலிருந்து எழுந்த ராஜ்யம், பேரிடர் வேலைக்கென்று தனி ஸ்தாபனம் ஒன்றை உடனே ஏற்படுத்திற்று. கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கான புகலிடங்கள் கட்டப்பட்டன. மற்ற நாட்களில் அவற்றில் பல பள்ளிக்கூடங்களாக நடக்கின்றன. குழந்தைகளுக்குத் தினம் போகிற இடம்; ஆகவே புயல் நாளில் அது அந்நியமான இடமாக இராது. ஒவ்வொரு புகலிடத்துக்கும் உள்ளூர் வாலிபர்களும் பெண்களும் அடங்கிய குழு அமைத்து, மீட்பு வேலையிலும் முதலுதவியிலும் பழக்கினார்கள்.

2013 அக்டோபர் 12-ஆம் தேதி 'பைலின்' புயல் கோபால்பூர் அருகே கரையேறிற்று. அது தசராப் பண்டிகைச் சமயம். சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் விடுமுறை ரத்துச் செய்யப்பட்டது. புயல் வருமுன்பே சுமார் பத்து லட்சம் ஜனங்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். ஒடிசாவில் உயிரிழந்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. பத்து லட்சம் பேரை நகர்த்தப் போலீஸாரால் மட்டும் முடியுமா? கிராமத்துத் தொண்டர் வீடு வீடாகச் சென்று பெயர் சொல்லி அழைத்ததால் முடிந்தது.

2020-ல் ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்னும் இரண்டு கிராமங்கள் சுனாமியை எதிர்கொள்ள ஆயத்தமான கிராமங்கள் என்று யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. இந்து சமுத்திரப் பிரதேசத்தில் அந்தக் கௌரவத்தை முதலில் அடைந்தவை அவையே. வழிகாட்டும் பலகைகள், அபாயப் படம், எழுதி வைத்த திட்டம், நடத்திக் காட்டிய ஒத்திகை எல்லாம் இருந்தால்தான் அந்த அங்கீகாரம்.

கைக்கு வரவேண்டிய வித்தை

மத்திய சர்க்கார் 2016-ல் 'ஆப்த மித்ரா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்துக் கால நண்பன் என்று பொருள். சாதாரணக் குடிமக்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி அளிக்கும் திட்டம் அது. பிற்பாடு அது விரிவடைந்து, 350 ஜில்லாக்களில் ஒரு லட்சம் தொண்டர்கள் என்ற இலக்குடன் நடந்தது. நம் ஜில்லாக்களிலும் முதல்நிலை மீட்பாளர்கள் என்று கிராமத்தாரைப் பொறுக்கிப் பழக்கி வருகிறார்கள்.

இப்படிப் பயின்றவர் கற்பது என்ன? கேட்பதற்கு எளிய விஷயங்களே. ஆனால் அவற்றில் பாதியை நாம் நேர்மாறாகச் செய்துவருகிறோம்.

தண்ணீரில் ஒருவன் தத்தளித்தால் நாம் உடனே குதித்துவிடுகிறோம். ஒரு உயிருக்குப் பதில் இரண்டு போகிறது. கயிறு, வேஷ்டி, மூங்கில், காலிக் குடம் எதையாவது எறிந்து இழுப்பதே முறை. கரையேற்றியவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்துவதும் தவறு. மூச்சு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

தீப்புண்ணில் மாவையும் மையையும் பற்பசையையும் அப்புகிறோம். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிடுவதுதான் மருந்து. பாம்பு கடித்தால் கீறுகிறோம், இறுகக் கட்டுகிறோம், உறிஞ்சுகிறோம். மூன்றும் கேடு. கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மின்சாரம் தாக்கியவனைத் தொட்டு இழுக்கிறோம். முதலில் மின்னோட்டத்தை நிறுத்த வேண்டும். புயலில் காற்று திடீரென்று ஓய்ந்தால் எல்லாம் முடிந்தது என்று வெளியே வருகிறோம். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும்.

இவற்றிற்கெல்லாம் மேலான வித்தை ஒன்று உண்டு. ஒருவர் உணர்விழந்து, மூச்சின்றி விழுந்தால் இருதயம் நின்றிருக்கக்கூடும். நாலைந்து நிமிஷத்தில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். அதற்குள் ஆம்புலன்ஸ் வருவது அரிது. உடனே 108 அல்லது 112 எண்ணுக்கு ஒருவர் பேச, இன்னொருவர் மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரண்டு அங்குல ஆழம் அமிழும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வீதம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் படித்ததனால் மட்டும் செய்ய வந்துவிடாது. நீந்துவது எப்படி என்று புத்தகத்தில் படித்துவிட்டு ஆற்றில் இறங்குவாருண்டா? பொம்மையின்மேல் அழுத்திக் கை வலித்தவருக்குத்தான், நிஜமான மனிதன் கிடக்கும்போது கை நடுங்காது.

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமே என்று அஞ்சுவோர் உண்டு. நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு வலிமை அளித்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்திலும் அதற்குப் பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. அந்தப் பயத்தை இனி விட்டுவிடலாம்.

வெறும் காட்சி வேண்டாம்

ஒத்திகைகள் நடக்காமல் இல்லை. ஆனால் சில ஒத்திகைகளைப் பார்த்தால், கல்யாணத்தில் ஜானவாசம் பார்ப்பது போல் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் புயல் வரும் என்று ஒரு வாரம் முன்பே விளம்பரம். வரவேற்புப் பந்தல், நாற்காலி, பிரசங்கம். காயம்பட்டவராக நடிப்பவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாமே நடந்து வந்து டோலியில் படுக்கிறார். புகைப்படம் எடுத்தவுடன் எல்லோரும் கலைகிறார்கள். பெண்கள் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

நல்ல ஒத்திகைக்கு அடையாளம் அதில் தவறுகள் வெளிப்படுவதே. ஊதல் கடைசித் தெருவுக்குக் கேட்கவில்லை, புகலிடத்துச் சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருக்கிறார், சக்கர நாற்காலி படியேறவில்லை என்பவையெல்லாம் ஒத்திகை நாளில் தெரிந்தால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளலாம். ஆபத்து நாளில் தெரிந்தால் அழுதாலும் திருத்த முடியாது. இரவில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, ஆண்கள் வேலைக்குப் போன நடுப்பகலில் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். வருஷந்தோறும் செய்ய வேண்டும். பழக்கம் என்பது ஊறுகாய் அல்ல, ஒரு முறை போட்டுவிட்டுப் பல காலம் வைத்திருப்பதற்கு.

நண்பர் வீட்டு ஒத்திகை

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட என் நண்பர், கடைசியில் ரோசம் வந்தவராய், "சரி, இன்றைக்கே என் வீட்டில் ஒத்திகை நடத்திவிடுகிறேன். நீரும் வந்து பாரும்" என்றார். போனேன்.

மாலை ஆறு மணிக்கு நண்பர் கூடத்தில் நின்று, "தீ! தீ!" என்று கூவினார். பெரிய பையன் கைத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஓடினான். பெண் பள்ளிக்கூடத்துப் பையை எடுத்துக்கொண்டாள். நண்பரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, சமையல் வாயுக் குழாயையும் மூடினாள். இந்த ஒரு காரியந்தான் அன்று சரியாக நடந்தது. மின்சாரத்தின் பிரதான விசை எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கொல்லைக் கதவு பூட்டியிருந்தது, சாவியைத் தேடினார்கள். பத்திரங்கள் உள்ள பெட்டிக்கு நண்பர் அலமாரி அலமாரியாகத் துழாவினார். ஆயினும் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நண்பர் கடிகாரத்தைப் பார்த்து, "எப்படி?" என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. எண்பது வயதான நண்பரின் தாயார், கூடத்து ஊஞ்சலிலிருந்து பேசினார்:

"ஏண்டாப்பா, எல்லாரும் தப்பிச்சுட்டேளே, ரொம்ப சந்தோஷம். என்னை யார் அழைச்சுண்டு போறதுன்னு தீர்மானம் பண்ணினேள்?"

வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பையனும் பெண்ணும் பாட்டியிடம் உயிரையே வைத்திருப்பவர்கள். அன்புக்கு அங்கே குறைவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் அன்புக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நண்பர் தலை குனிந்தபடி உள்ளே போய்த் தாயாரின் அருகில் உட்கார்ந்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். பாட்டியை அழைத்து வருவது பெரிய பையன். அவன் வீட்டில் இல்லாதபோது எதிர் வீட்டு வாலிபர். மின்சார விசை பெண்ணின் பொறுப்பு. கொல்லைச் சாவி கதவருகே ஆணியில். பத்திரங்கள், மருந்துகள், கைவிளக்கு, குடிநீர் எல்லாம் ஒரே பையில், வாசல் அறையில். ஜில்லா அவசர எண் 1077 என்று சுவரில் பெரிய எழுத்தில்.

மறுநாள் எதிர் வீட்டு வாலிபரையும் அழைத்து இரண்டாந் தடவை ஒத்திகை நடந்தது. இந்த முறை முதலில் வாசலுக்கு வந்தவர் பாட்டிதான்.

நேயர்கள் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும், தங்கள் வீட்டில் அப்படி ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.